1951 சான் பிரான்சிஸ்கோ டான்ஸ் (Dons): ஒன்பதுக்கு ஒன்பது ஜெயிச்ச அணிக்கு ஏன் பௌல் ஆட்டம் கிடைக்கலை?

கெஸார்_நடை | பதிவு 1

போன வாரம் இங்கே ஒரு சீசன் முழுக்கத் தோற்காத அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற அவங்க ஊர் ஆட்டம்) அணிகளைப் பத்திப் பேச்சு வந்தது. 2019 எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) 15-0, 2001 மயாமி 12-0, 1995 நெப்ராஸ்கா 12-0 என்று வழக்கமான பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன. என் மனசுல இருக்கிற அணியை ஒருத்தரும் சொல்லலை. அதுக்குத்தான் தனி இழை.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம், 1951. இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் சின்னக் கல்லூரி. அணியின் பெயர் டான்ஸ், பயிற்சியாளர் ஜோ குஹாரிக். ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. கடைசி ஆட்டத்துல ரோஸ் பௌல் ஸ்டேடியத்தில் லயோலாவை 20-2 என்று அடிச்சாங்க. அதோட சீசன் முடிஞ்சது. புத்தாண்டையொட்டி நடக்கிற பௌல் ஆட்டத்துக்கு எந்த ஊரும் கூப்பிடலை.

அணியில் இரண்டு கறுப்பின வீரர்கள்: ஆலி மேட்சன், பர்ல் டோலர். இந்த இருவரையும் விட்டுட்டு வந்தா அமெரிக்கத் தெற்கு மாநிலங்கள்ல ஒரு பௌல் ஆட்டம் உண்டு என்று சேதி வந்ததாகவும், மத்த பசங்க மாட்டோம்னு சொல்லிட்டதாகவும் அந்த அணிக்காரங்க கடைசிவரை சொன்னாங்க. ஓட்டெடுப்பு, கூட்டம் எதுவும் நடக்கலைன்னுதான் அவங்க பேச்சிலிருந்து தெரியுது.

அதே டிசம்பர்ல கல்லூரி ஃபுட்பாலையே மூடிட்டாங்க. பணமில்லை. ஒரு பெரிய பௌல் வருமானம் அந்த நேரத்துல அணியைக் காப்பாத்தியிருக்கலாம். பசங்களுக்கும் அது தெரியும். தெரிஞ்சேதான் வேண்டாம்னாங்க.

தாமிரபரணி | பதிவு 2

ஐயா, எனக்கு கிரிக்கெட்டும் கபடியும்தான் தெரியும். பௌல் ஆட்டம்னா என்ன? ஜெயிச்ச அணி தானா அடுத்த சுற்றுக்குப் போகாதா?

டச்டவுன்_தங்கம் | பதிவு 3

அப்போ சுற்றே கிடையாது தாமிரபரணி. இன்னைக்கு இருக்கிற மாதிரி பிளேஆஃப் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. ஊர் ஊருக்கு ஒரு குழு இருக்கும். மயாமியில் ஆரஞ்ச் பௌல், நியூ ஆர்லியன்ஸில் ஷுகர் பௌல், டல்லஸில் காட்டன் பௌல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பௌல். சீசன் முடியும்போது அந்தக் குழு உட்கார்ந்து தங்களுக்குப் பிடிச்ச அணிகளுக்கு அழைப்பு அனுப்பும். ஊருக்குக் கூட்டம் வரணும், ஹோட்டல் நிரம்பணும், அதுதான் கணக்கு. நம்ம பக்கம் கோயில் திருவிழாவுக்கு விழாக் கமிட்டி எந்த ஜமாவைக் கூப்பிடலாம்னு முடிவு பண்ணுற மாதிரி. நல்லா ஆடுறவங்கன்னு பேர் இருந்தா மட்டும் போதாது, கமிட்டிக்குப் பிடிக்கணும்.

தேசிய சாம்பியன் யார் என்பதைப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுச் சொல்லுவாங்க. அதுவும் பௌல் ஆட்டங்களுக்கு முன்னாடியே. அந்த 1951-லேயே பாருங்க, டென்னசிக்கு முதலிடம் கொடுத்து முடிச்சுட்டாங்க. அப்புறம் ஷுகர் பௌலில் மேரிலாண்ட் அவங்களை 28-13 என்று தோற்கடிச்சது. பட்டம் டென்னசிகிட்டயேதான் இருந்தது.

ஸ்கோர்புக்_சேகர் | பதிவு 4

உணர்ச்சிகரமான கதைதான், மறுக்கலை. ஆனா எண்களையும் பார்க்கணும்.

டான்ஸ் யாரோட ஆடினாங்க? சான் ஹோசே ஸ்டேட்டோட ஒரே சீசன்ல ரெண்டு தடவை. கேம்ப் பெண்டில்டன் என்ற மரைன் படை முகாம் அணியோட ஒண்ணு. சான் டியேகோ கடற்படைப் பயிற்சி மையத்தோட ஒண்ணு. ஐடஹோ, சாண்டா கிளாரா, லயோலா. பெரிய கல்லூரிகளான ஸ்டான்ஃபர்டோ கலிஃபோர்னியாவோ பட்டியலில் இல்லை. பத்திரிகையாளர் தரவரிசையில் கடைசியா 14-ஆம் இடம். அதே வருஷம் மிச்சிகன் ஸ்டேட் 9-0, பிரின்ஸ்டன் 9-0. அவங்களும்தான் பௌலுக்குப் போகலை.

இன்னொண்ணு. டான்ஸ்கிட்ட தோத்த பசிபிக் கல்லூரிக்கு டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் இருந்து சன் பௌல் அழைப்பு வந்தது. அந்த பசிபிக் அணியிலும் எடி மேகான் என்ற கறுப்பின வீரர் இருந்தார். அப்போ தெற்கு முழுக்க ஒரே கதவு, ஒரே பூட்டு என்று சொல்ல முடியுமா? எளிதான ஆட்டப் பட்டியல்தான் காரணம்னு அப்பவே சிலர் சொன்னாங்க. அதையும் எடைபோடாம முடிவு கட்டுறது சரியில்லை.

கெஸார்_நடை | பதிவு 5

சேகர் சார், எதிர்பார்த்த கேள்விதான். ஒவ்வொண்ணா வர்றேன்.

ஆட்டப் பட்டியல் எளிது என்பது பாதி உண்மை. பெரிய கல்லூரிகள் இவங்களோட ஆட விரும்பலை என்பது மீதி. இவ்வளவு சின்னக் கல்லூரிகிட்ட தோத்தா அவமானம், ஜெயிச்சா பெருமையும் இல்லை. யார்தான் வருவாங்க? அதனாலதான் தேடிப்பிடிச்சு நியூயார்க் வரைக்கும் போய் ஃபோர்டாமோட ஆடினாங்க. அங்கே 32-26. மேட்சன் ஒரே ஆட்டத்துல ரெண்டு தடவை கிக்ஆஃப் பந்தை, அதாவது எதிரணி உதைச்சு அனுப்பின பந்தைப் பிடிச்சு மைதானம் முழுக்க ஓடிக் கடந்து டச் டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கிற ஸ்கோர்) போட்டார். கிழக்குக் கரைப் பத்திரிகைக்காரங்க கண் முன்னாடி.

மிச்சிகன் ஸ்டேட், பிரின்ஸ்டன் ரெண்டும் வேற கணக்கு. அவங்க பௌல் ஆட்டத்துக்காக ஏங்கி நின்னவங்க இல்லை. பிரின்ஸ்டன் மாதிரி கல்லூரிகள் போறதே இல்லைன்னு வெச்சிருந்தாங்க. டான்ஸுக்கோ அது ஒண்ணுதான் பிழைக்கிற வழி.

இப்போ பசிபிக். டான்ஸ் அவங்களை ஸ்டாக்டன்ல, அவங்க சொந்த ஊர்லயே, 47-14 என்று அடிச்சாங்க. அடி வாங்கினவனுக்கு அழைப்பு, அடிச்சவனுக்கு இல்லை. கேட்டர் பௌலுக்கு யார் போனாங்க? அந்த சீசன்ல மூணு ஆட்டம் தோத்த மயாமி, ரெண்டு தோத்த கிளெம்சன். தரம்தான் அளவுகோல்னா இதை எப்படி விளக்குவீங்க?

எடி மேகான் விஷயம் நீங்க சொன்னது சரிதான். எல் பாசோ டெக்சாஸோட மேற்கு மூலை, மெக்சிகோ எல்லை. அங்கேயும் மூணு வருஷம் முன்னாடி, 1948-ல, லாஃபயெட் கல்லூரியில டேவிட் ஷோவெல் என்ற கறுப்பின வீரர் ஆடக்கூடாதுன்னு சொல்லி, லாஃபயெட் போகாமலே விட்டது. அப்புறம்தான் அந்த ஊர் கொஞ்சம் மாறுச்சு. மயாமியும் ஜாக்சன்வில்லும் நியூ ஆர்லியன்ஸும் அப்போ மாறலை. பூட்டு ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு வருஷம் திறந்தது. 1951-ல டான்ஸ் தட்டின கதவு திறக்கலை.

மயிலை_அகிலா | பதிவு 6

நீங்க ரெண்டு பேரும் அழைப்பைப் பத்தியே பேசுறீங்க. நான் மேட்சனைப் பத்திச் சொல்லணும். அவர் ஓட்டத்தைப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல பார்த்ததிலிருந்து நான் அவர் விசிறி.

அந்த ஒன்பது ஆட்டத்துல 1,566 யார்டு ஓடினார், 21 டச் டவுன். அந்த வருஷம் நாட்டிலேயே அதிகம் ஓடியவர் அவர்தான். டிஃபென்ஸிலயும் ஆடினார். ஆனா சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை ஓட்டுல ஒன்பதாம் இடம். கோப்பை பிரின்ஸ்டனின் டிக் காஸ்மயருக்குப் போச்சு. காஸ்மயர் நல்ல வீரர், சந்தேகமில்லை. ஆனா ஒன்பதாம் இடமா?

அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். 400 மீட்டரில் வெண்கலம், 4x400 தொடர் ஓட்டத்தில் வெள்ளி. ஃபுட்பால் பந்தை வெச்சுட்டு வந்து ஓட்டப் பந்தயத்துல உலகத்தோட மோதி ரெண்டு பதக்கம்! திரும்பி வந்து தொழில்முறை ஃபுட்பால். 1959-ல அவர் ஒருத்தருக்குப் பதிலா ஒன்பது வீரர்களைக் கொடுத்து லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரை வாங்கிச்சு. ஒருத்தருக்கு ஒன்பது பேர்.

ஆட்டப் பட்டியல் எளிதுன்னு சொல்றவங்க இதையும் கணக்குல வைக்கணும். அந்த ஒரே அணியிலிருந்து மேட்சன், ஜீனோ மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் என்று மூணு பேர் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மன்றத்துல இருக்காங்க. எத்தனை பெரிய கல்லூரிக்கு ஒரே சீசன் அணியிலிருந்து மூணு பேர் கிடைச்சிருக்காங்க?

டச்டவுன்_தங்கம் | பதிவு 7

அகிலா, மார்கெட்டியைப் பத்தி ஒரு வரி. அவர் கல்லூரிக்கு வரும்போதே சின்னப் பையன் இல்லை. இரண்டாம் உலகப் போர்ல ஐரோப்பாவுல பல்ஜ் சண்டையில் துப்பாக்கி பிடிச்சவர். மாட்டோம்னு சொன்ன அணியில அப்படிப்பட்டவங்களும் இருந்தாங்க. மயாமியில் உட்கார்ந்திருக்கிற கமிட்டிக்காரர் சொல்றதைக் கேட்டு, தன் பக்கத்துல நின்னு ஆடுறவனை விட்டுட்டு வருவாரா?

தாமிரபரணி | பதிவு 8

கேள்வி கேட்டுட்டுப் போயிடலாம்னு இருந்தேன். இதையெல்லாம் படிச்சப்புறம் போக முடியலை. எங்கேயும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன்.

தொண்ணூறுகள்ல எங்க கல்லூரி கபடி அணி ஒரு கிராமத்துப் போட்டிக்குப் போச்சு. ஊர் பேரு வேண்டாம். இரவு ஆட்டம், டியூப்லைட் கட்டின களம். முந்தின ஆட்டம் ஜெயிச்சுட்டு அரையிறுதிக்குக் காத்திருந்தோம். சாப்பாடு ஒரு வீட்டுத் திண்ணையில. ஏழு பேருக்கும் இலை போட்டாங்க. எங்க ரைடரு, எங்களுக்கு எப்பவும் புள்ளி எடுத்துக் கொடுக்கிறவன், அவன் எந்தத் தெருப் பையன்னு யாரோ விசாரிச்சிருக்காங்க. அவன் இலையை மட்டும் மடிச்சு எடுத்துட்டு, "தம்பிக்கு அந்தப் பக்கம் வெச்சிருக்கு"ன்னு ஒரு பெரியவர் சொன்னார். ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு பொட்டலம் வெச்சிருந்தாங்க.

அவன் ஒண்ணும் சொல்லாம எழுந்து போனான். நாங்க ஆறு பேரும் சாப்பிட்டோம். சாம்பார் சூடா இருந்தது, பசி, அடுத்த ஆட்டம் இருக்கு, இப்படி ஒவ்வொருத்தனும் மனசுக்குள்ள ஒரு காரணம் வெச்சுக்கிட்டோம். அரையிறுதியும் ஜெயிச்சோம், இறுதியும் ஜெயிச்சோம். அந்தக் கோப்பை எங்க கல்லூரி அலமாரியில இன்னும் இருக்கும். நான் போய்ப் பார்த்ததில்லை.

ஓட்டெடுப்பு நடக்கலைன்னு கெஸார் சார் எழுதின வரியில நின்னுட்டேன். நாங்களும் ஓட்டெடுப்பு நடத்தலை. ஒருத்தன் இலையைத் தள்ளியிருந்தா மத்தவங்களும் தள்ளியிருப்போம். அந்த ஒருத்தனா நான் இருக்கலை.

மயிலை_அகிலா | பதிவு 9

அண்ணா, எழுதினதுக்கு நன்றி. அவரோட இப்பவும் பேச்சு உண்டா?

தாமிரபரணி | பதிவு 10

உண்டு தங்கச்சி. அவன் பொண்ணு கல்யாணத்துல பந்தியில பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த இரவைப் பத்தி அவனும் பேசலை, நானும் பேசலை.

ஸ்கோர்புக்_சேகர் | பதிவு 11

தாமிரபரணி, உங்க பதிவுக்கு அப்புறம் தரவரிசை பேச எனக்குக் கொஞ்சம் தயக்கமா இருக்கு. இருந்தாலும் இழை வேற பக்கம் போகக்கூடாதுன்னு இதை எழுதுறேன்.

நம்ம ஊர்க்காரங்க சம்பந்தப்பட்ட ஒண்ணு ஞாபகம் வருது. 1974 டேவிஸ் கோப்பை. சென்னைப் பசங்க விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய அணி ஆஸ்திரேலியாவையும் சோவியத் ஒன்றியத்தையும் தாண்டி இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோட ஆட மாட்டோம்னு இந்தியா இறுதியாட்டத்தையே விட்டுடுச்சு. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போச்சு.

அது சரியான முடிவு. ஆனா அதை அரசாங்கமும் சங்கமும் எடுத்தது. வீரர்களுக்கு வாழ்நாள் வாய்ப்பு போச்சு, முடிவு அவங்க கையில இல்லை. டான்ஸ் விஷயத்துல இருபது, இருபத்திரண்டு வயசுப் பசங்களே எடுத்தாங்கன்னா அது கனமான விஷயம். அதனாலதான் உண்மையிலேயே நிபந்தனையோட அழைப்பு வந்ததா, இல்லை இப்படித்தான் இருக்கும்னு செவிவழிச் சேதி வந்ததா என்று துருவுறேன். எழுத்துல வந்த அழைப்பை நான் பார்த்ததில்லை.

கெஸார்_நடை | பதிவு 12

எழுத்துல யார் சார் வைப்பாங்க? தெற்குக் கல்லூரிகள் கறுப்பின வீரர் இருக்கிற அணியோட ஆடாம இருந்ததுக்கு அந்தக் காலத்துல "கனவான்கள் உடன்பாடு" என்றே பேர். பேருலயே இருக்கு, கையெழுத்து இல்லாத உடன்பாடு. தாமிரபரணி போன ஊர்ல மட்டும் நோட்டீஸ் போர்டா வெச்சிருந்தாங்க? பெரியவர் ஒருத்தர் மரியாதையா வந்து சொன்னார், அவ்வளவுதான்.

ஆனா நமக்குத் தெரிஞ்ச அளவு தெரியும். ஆரஞ்ச், ஷுகர், கேட்டர் பௌல் மூணும் கறுப்பின வீரர் இருக்கிற அணியைக் கூப்பிட மாட்டாங்கன்னு சான் பிரான்சிஸ்கோ செய்தியாளர் ஒருத்தர் அப்பவே விசாரிச்சுச் சொன்னார். 1951 அக்டோபர்ல ஒக்லஹோமாவில் டிரேக் கல்லூரியின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டுக்கு, பந்து கையில இல்லாத நேரத்துல தாடையில அடிச்சு எலும்பை உடைச்சாங்க. படம் வரிசையா பத்திரிகையில வந்தது, அதுக்கு புலிட்சர் பரிசும் கிடைச்சது. அதே சீசன்தான் இது. 1958-ல பஃபலோ பல்கலைக்கழக அணிக்கு ஃப்ளோரிடாவின் டேஞ்சரின் பௌல் அழைப்பு வந்து, ரெண்டு கறுப்பின வீரர்களை ஆட விடமாட்டாங்கன்னு தெரிஞ்சதும் அந்த அணியும் மறுத்துச்சு. டான்ஸுக்கு ஏழு வருஷம் அப்புறமும் நிலைமை அதுதான்.

ஓட்டெடுப்பு வேண்டியிருக்கலைன்னு நான் ஏன் நம்புறேன்னா, அந்த அணி உருவான விதம் அப்படி. சீசனுக்கு முன்னாடி குஹாரிக் இவங்களை வடக்கே கார்னிங் என்ற ஆலிவ் தோப்பு ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ப் பயிற்சி கொடுத்தார். கொதிக்கிற வெயில், கல்லும் மண்ணுமான தரை. அங்கே மயங்கி விழுந்தவனைத் தூக்கி நிறுத்தினவன் யாருன்னு ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். டிசம்பர்ல புதுசா யோசிக்க என்ன இருக்கு?

டச்டவுன்_தங்கம் | பதிவு 13

பின்கதையும் சொல்லிடறேன், பலருக்குத் தெரியாது.

அணி மூடினதும் இன்னும் படிப்பு மீதி இருந்த செயின்ட் கிளேர், ஆறடி ஒன்பதங்குல மனுஷன், டல்சா கல்லூரிக்கு மாறிப் போக வேண்டியதாயிற்று. குஹாரிக் தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளராப் போனார். டோலர்தான் பாவம். தொழில்முறை அணி எடுத்திருந்தது. 1952-ல கல்லூரி நட்சத்திரங்கள் ஆடும் ஆட்டத்துல முழங்கால் போச்சு. ஆட்டக்காரரா ஒரு சீசன்கூட கிடைக்கலை.

அந்த டான்ஸ் அணிக்கு விளையாட்டுச் செய்தி எழுதி ஊர் ஊரா அனுப்பிட்டிருந்த பையன் பேர் பீட் ரோசெல். ஃபோர்டாம் ஆட்டத்துக்கு மேட்சன் பேரைப் பரப்பினவங்கள்ல ஒருத்தர். அதே ரோசெல் பின்னாடி ராம்ஸ் மேலாளரா இருந்தப்பதான் அகிலா சொன்ன ஒன்பது பேர் மாற்றம் நடந்தது. 1960-ல அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலுக்கே தலைவர் ஆனார். 1965-ல அவர் காலத்துலதான் டோலர் நடுவராக வந்தார். அந்த லீகுக்கு முதல் கறுப்பின நடுவர். 25 சீசன் நின்னார், 1980 சூப்பர் பௌல், அதாவது அந்த லீகோட இறுதியாட்டத்துலயும் நடுவர் குழுவுல இருந்தார். வார நாள்ல சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியர், ஞாயிற்றுக்கிழமை கோடு போட்ட சட்டை.

இன்னொண்ணு. ஃபுட்பாலை மூடின அதே கல்லூரி நாலு வருஷத்துல கூடைப்பந்துல பில் ரசல், கே.சி. ஜோன்ஸ் என்ற ரெண்டு கறுப்பின வீரர்களோட 1955, 1956 ரெண்டு வருஷமும் தேசிய சாம்பியன். தொடர்ந்து 60 ஆட்டம் தோற்கலை. அந்த மேட்டு மேல இருக்கிற கல்லூரிக்கு இப்படி ஒரு மண் ராசி.

ஸ்கோர்புக்_சேகர் | பதிவு 14

47-14-ஐயும் கேட்டர் பௌல் பட்டியலையும் நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். மூணு ஆட்டம் தோத்த மயாமியை வெச்சுக்கிட்டு ஆட்டப் பட்டியல்தான் காரணம்னு என்னால வாதாட முடியலை. பதிவு 4-ல அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கறேன். 14-ஆம் இடம் சரியான இடமா என்பதுல மட்டும் என் கருத்து அப்படியேதான் இருக்கு. ஒரு எட்டாம் இடம், ஒன்பதாம் இடம் கொடுத்திருக்கலாம், அதுக்கு மேல கொடுக்க ஃபோர்டாம் ஒண்ணு போதாது.

மயிலை_அகிலா | பதிவு 15

எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்துது. எல்லாரும் மறுத்தவங்களைப் புகழ்றோம், சரிதான். மேட்சனுக்கும் டோலருக்கும் எப்படி இருந்திருக்கும்? தங்களாலதான் முப்பது பேருக்கு ஆட்டம் போச்சு, கல்லூரிக்கு அணியே போச்சுன்னு ஊர் பேசும்போது? தப்பு செஞ்சவன் மயாமியில நிம்மதியா இருக்க, இவங்க ரெண்டு பேரும் அதைச் சுமந்துட்டு நடந்திருப்பாங்க. தாமிரபரணி அண்ணாவோட நண்பர் பொட்டலத்தைப் பிரிச்ச நிமிஷம்தான் எனக்குக் கண்ணுல நிக்குது.

கெஸார்_நடை | பதிவு 16

அகிலா கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இன்னைக்குக் காலையில நடக்கப் போனப்ப அதுதான் மனசுல ஓடிட்டு இருந்தது.

நான் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து பதினோரு வருஷம். வீட்டுலேர்ந்து கெஸார் ஸ்டேடியம் நடக்கிற தூரம். டான்ஸ் ஆடின பழைய ஸ்டேடியம் பெருசு, அதை 1989-ல இடிச்சுட்டாங்க. இப்ப இருக்கிறது சின்னது, சுத்தி ஓட்டப்பாதை, யார் வேணாலும் உள்ளே போகலாம். காலை ஆறரைக்குப் பனிமூட்டம் புல்லு மேல படுத்திருக்கும். கடற்புறா கூட்டம் நடு மைதானத்துல உட்கார்ந்திருக்கும், பக்கத்துல போனாலும் எழுந்திருக்காது. மைதானத்துக்கு பாப் செயின்ட் கிளேர் பெயர். அவர் பள்ளி, கல்லூரி, தொழில்முறை மூணையும் இந்த ஒரே இடத்துல ஆடினவர்.

டோலர் பெயர் அவர் தலைமையாசிரியரா இருந்த பள்ளி வளாகத்துக்கு வெச்சிருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல அதிக தூரமில்லை, மேடு இறங்கி நடந்தா போயிடலாம். இன்னைக்கு முதல் தடவையா ரெண்டையும் ஒரே நடையில பார்த்துட்டு வந்தேன். பள்ளிப் பிள்ளைகள் பையை மாட்டிக்கிட்டு உள்ளே போயிட்டு இருந்தாங்க. ஒரு பையன் வாசல்ல நின்னு ஷூ கயிறு கட்ட, கூட வந்த ரெண்டு பேரும் மணி அடிச்சப்புறமும் அவனுக்காக நின்னாங்க.

படம் நாளைக்குப் போடறேன். தாமிரபரணி, உங்க நண்பருக்கு ஒரு போன் போடுங்க.